ஐப்பசி மழையில் ஈமு முட்டை: தண்ணீர்த் தட்டை எடுத்த பிறகும் ஈரம் இறங்கவில்லை

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்) | நவம்பர் 7

வணக்கம். ஏழு ஏக்கர் நெல், கொஞ்சம் தென்னை, கொல்லையில் நான்கு ஈமு. ஈமு என்றதும் சிரிக்கவேண்டாம். 2012-இல் கொங்கு நாட்டில் ஈமு முதலீட்டுத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தபோது, தீனி போட ஆளில்லாமல் நின்ற பறவைகளில் இரண்டு ஜோடியை என் மாமனார் மனம் கேட்காமல் வேனில் ஏற்றி வந்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பறவைகள் இருக்கின்றன, வயதானாலும் முட்டையும் இடுகின்றன. விற்க ஆசையில்லை. இவற்றுக்குப் பிறகு கொல்லை வெறிச்சோடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

போன வருடம் ஏழு முட்டை இன்குபேட்டரில் வைத்தேன். இரண்டு கூமுட்டை. மீதி ஐந்தும் ஐம்பது நாளைக் கடந்தும் பொரியவில்லை. ஐம்பத்தாறாம் நாள் ஒன்றை எடுத்துக் கொல்லையில் வைத்து உடைத்தேன். முழுக் குஞ்சு. முதுகில் கோடு கோடாக முடி, நகம், அலகு எல்லாம் இருந்தது. ஆனால் கழுத்தும் தலையும் வீங்கி, தோலுக்கு அடியில் நுங்குபோலக் கொழகொழவென்று நீர். மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகாமல் எலுமிச்சை அளவுக்கு வெளியே தொங்கியது. ஓட்டைச் சாய்த்ததும் வழிந்த தண்ணீர் முழங்கைவரை வந்தது. மற்ற நான்கும் அப்படியே. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருடம் அக்டோபர் 20 அன்று ஆறு முட்டை வைத்திருக்கிறேன். இன்று பதினெட்டாம் நாள். கோழி முட்டைக்கென்று வாங்கிய பெட்டிதான், உள்ளே மின்விசிறி உண்டு, மணிக்கு ஒருமுறை தானே புரட்டும். வெப்பம் 36.4 டிகிரி. ஈமுவுக்கு ஈரப்பதம் 30 சதவீதம் போதும் என்று படித்ததால் ஐந்தாம் நாளே தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டேன். ஆனால் மீட்டர் 48-லேயே நிற்கிறது. தண்ணீரே இல்லாத பெட்டியில் 48 எங்கிருந்து வருகிறது? காற்றுத் துளைகளை அடைத்துவிடலாமா? வெளியே மூன்று நாளாக விடாத மழை.

உள்ளே கரு எப்படி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவேண்டாம். ஈமு முட்டையின் கரும்பச்சை ஓட்டில் வெளிச்சம் நுழைவதில்லை.

---

கோழிக்கூடு (கொரடாச்சேரி) | நவம்பர் 7

அண்ணா, குஞ்சு ஓட்டுக்குள் சாவது என்றால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நான் நாட்டுக்கோழிக்கு 55 வைக்கிறேன், கடைசி மூன்று நாள் 65, 70-க்கு ஏற்றுவேன். தண்ணீர்த் தட்டைத் திரும்ப வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தாலும் நல்லது.

---

மணல்மேடு ராணி | நவம்பர் 7

ஈரம் அதிகம் என்றால் உப்பு ஜாடியில் போடுகிற மாதிரி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடலாமே? எங்கள் வீட்டு உப்பு அப்படித்தான் மழைக்காலத்தில் கசியாமல் இருக்கிறது.

---

பழைய பொரிப்பகத்தான் (கும்பகோணம்) | நவம்பர் 7

26 வருடம் பொரிப்பகங்களில் இயந்திரம் பார்த்தவன். இப்போது ஓய்வு. பெரும்பாலும் கோழி, நடுவில் நான்கு பருவம் ஈமு.

கொரடாச்சேரித் தம்பி சொல்வது கோழிக்குச் சரி, அதுவும் காய்ந்து செத்த குஞ்சுக்குச் சரி. காய்ந்து சாகிற குஞ்சு சிறுத்து, சவ்வு காகிதம்போல ஒட்டியிருக்கும். முழங்கைவரை தண்ணீர் வழிந்தது என்று இவர் எழுதியிருப்பதை இன்னொரு முறை படியுங்கள். அது மூழ்கிச் செத்த குஞ்சு. தெளிக்கிற தண்ணீர் அதற்குத் தலைக்குமேல் இன்னொரு சாண்.

முட்டை ஓடு முழுக்கத் துளை. அடை காலம் முழுவதும் அதன் வழியாக நீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கவேண்டும். வெளியேறிய இடத்தில், மழுங்கிய முனைப் பக்கம், காற்றறை பெரிதாகும். குஞ்சு கடைசியில் முதல் மூச்சை அந்த அறையில்தான் விடுகிறது. நீர் வெளியேறாவிட்டால் காற்றறை சின்னது, குஞ்சு ஊதிப்போய் உள்ளே திரும்ப இடமில்லை. ஈமு முட்டை வைத்த நாளிலிருந்து பொரிவதற்குள் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை இழக்கவேண்டும். நான் 12 என்று கணக்கு வைத்துக்கொள்வேன்.

தண்ணீர் இல்லாத பெட்டியில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். நீங்கள் வைக்காவிட்டாலும் ஐப்பசி வைக்கிறது. மழை நாளில் 26 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கிற காற்று, கன மீட்டருக்கு 22 கிராம் தண்ணீரைச் சுமந்துகொண்டு உங்கள் பெட்டிக்குள் நுழைகிறது. உள்ளே 36.4-க்குச் சூடானதும் அதே காற்றால் 42 கிராம்வரை தாங்க முடியும். 42-இல் 22 என்றால் பாதி. ஆக, தட்டே இல்லாமல் 50 சதவீதம். பெட்டிக்குள் என்ன செய்தாலும் அதற்குக் கீழே இறங்காது, ஏனென்றால் மின்விசிறி புதுக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அம்மா சொன்ன அரிசி முடிச்சு ஜாடிக்குச் சரி, ஜாடிக்கு மூடி இருக்கிறது. இங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடலை இறைக்கிற வேலை.

துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். முப்பது நாளுக்குமேல் உள்ளே இருப்பது முட்டை இல்லை, மூச்சு விடுகிற உயிர்.

ஈமுவின் சங்கடம் இதுதான். அதன் பிறந்த நாடான ஆஸ்திரேலியாவில் ஆண் பறவை எட்டு வாரம் தீனியைக்கூட மறந்து உட்கார்ந்து அடைகாக்கிறது. அங்கே பெரும்பகுதி வறண்ட பூமி. நம் நாட்டில் அது முட்டையிடுவது அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை. பெரம்பலூரில் வைத்திருந்தால்கூட ஓரளவு தப்பலாம். டெல்டாவில் அடைமழையும் அடையும் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன.

இப்போது ஒரு கேள்வி. வைத்த அன்று எடை போட்டீர்களா? போட்டிருந்தால் இன்றே மறுபடி போட்டு எழுதுங்கள். மீட்டர் என்ன சொல்கிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

---

உப்பளத்து வாத்தியார் (வேதாரண்யம்) | நவம்பர் 8

ஈமு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மேலே உப்பு ஜாடி வந்துவிட்டதால் எங்கள் ஊர்க்காரன் பேசாமல் இருக்க முடியாது.

அந்த 48 உண்மையா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக் கூடாது. அந்தக் கிண்ணத்தையும் உங்கள் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, வீட்டுக்குள் ஒரு இரவு விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். சாதாரண வெப்பத்தில் இது மாறாது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டியிருக்கிறேன். மீட்டர் எவ்வளவு காட்டுகிறதோ, 75-லிருந்து அதுதான் வித்தியாசம்.

பாக்கெட் தூள் உப்புப் போதும். பாத்தியிலிருந்து நேரே வந்த கல்லுப்பு வேண்டாம். அதில் மக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கும், அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே தண்ணீரை இழுத்துக் கணக்கைக் கெடுக்கும். கல்லுப்பு மூட்டை மழைக்காலத்தில் அழுவதற்கும் அதுதான் காரணம். பாத்திகளில் இப்போது முழங்கால் மழைநீர், உப்பைப் பார்க்கத் தை கடக்கவேண்டும்.

---

வெண்ணாற்றங்கரை | நவம்பர் 8

உப்புச் சோதனை: மீட்டர் 62 காட்டுகிறது. 13 குறைவு. அப்படியானால் 48 என்பது 61, இல்லையா? தலை சுற்றுகிறது.

எடை: நல்ல வேளை, வைத்த அன்று சமையலறைத் தராசில் போட்டுச் சாக்கட்டியால் முட்டையிலேயே எழுதி வைத்திருந்தேன் (பென்சில் இந்த ஓட்டில் தெரிவதில்லை). நேற்று இரவு மறுபடி போட்டது: முதல் முட்டை 561 இருந்தது 549. இரண்டாவது 590, இப்போது 576. மூன்றாவது 584, இப்போது 571. நான்காவது 547, இப்போது 535. ஐந்தாவது 602, இப்போது 594. ஆறாவது மட்டும் 573-லிருந்து 548-க்கு வந்திருக்கிறது. அதில் விரிசல் இருக்குமோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

---

பழைய பொரிப்பகத்தான் | நவம்பர் 8

மூன்றாவது முட்டையை எடுத்துக்கொள்வோம். 584-இல் 12 சதவீதம் 70 கிராம். ஐம்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 1.4. பதினெட்டு நாளில் 25 கிராம் போயிருக்கவேண்டும், போனது 13. இதே வேகத்தில் போனால் பொரிகிற நாளில் 6 சதவீதம். போன வருடக் கதையேதான்.

ஆனால் எனக்கு ஒன்று உதைக்கிறது. நான் சொன்ன கணக்கில் தட்டில்லாத பெட்டியில் 50 இருக்கவேண்டும். உங்களிடம் 60-க்கும் மேல். வாத்தியார் சோதனையும் அதையே சொல்கிறது, முட்டை எடையும் அதையே சொல்கிறது. வெளிக் காற்று மட்டும் இவ்வளவு ஈரத்தைக் கொடுக்காது. பெட்டி இருக்கிற அறையில் வேறு என்ன இருக்கிறது? குளியலறை ஒட்டியதா, துணி காயப்போடுகிறீர்களா, நெல் அவிக்கிறீர்களா?

---

வெண்ணாற்றங்கரை | நவம்பர் 8

நெல் அவிக்கவில்லை. நெல் இருக்கிறது.

குறுவை கடைசி அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது. நெல்லின் ஈரம் 19 சதவீதம் என்று வந்ததால் அரசுக் கொள்முதலுக்குப் போகவில்லை, 17-க்குள் இருக்கவேண்டும். 60 சிப்பம், தலா 40 கிலோ. களத்தில் காயப்போட வெயில் இல்லாததால் பாதியை அறையின் மறுபக்கத்தில் பரப்பியும் பாதியைச் சாக்கிலும் வைத்திருக்கிறேன். அறைக்குள் போனால் புது நெல் வாசமும் ஒரு வெக்கையும் முகத்தில் அடிக்கும். முட்டைக்குக் கதகதப்பு நல்லதுதானே என்று நினைத்துவிட்டேன்.

---

பழைய பொரிப்பகத்தான் | நவம்பர் 8

கிடைத்துவிட்டது.

2,400 கிலோ நெல் 19-லிருந்து 17-க்கு வரவேண்டுமானால் 58 கிலோ தண்ணீரை விடவேண்டும். மூன்று குடத்துக்கும் மேல். அதை எங்கே விடும்? அந்த அறைக் காற்றில். ஈர நெல் மூச்சு விட்டுச் சூடும் ஏறும், அதுதான் உங்கள் வெக்கை. 30 டிகிரியில் 90 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 27 கிராம் தண்ணீர். பெட்டிக்குள் போனதும் 63 சதவீதம். நீங்கள் ஒரு தட்டுத் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு மூன்று குடத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்.

வீட்டில் ஏசி அறை உண்டா? பெட்டியை அங்கே கொண்டுபோங்கள். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள தண்ணீரைக் குழாய் வழியாக வெளியே சொட்ட வைக்கிறது, நமக்கு வேண்டியது அந்தச் சொட்டுதான். அறை 25 டிகிரியில் 55 சதவீதம் என்று நின்றால், அதே காற்று பெட்டிக்குள் சூடானதும் 29. ஏசிக் காற்று நேரே பெட்டிமேல் அடிக்காமல் ஓரமாக வையுங்கள். உள் வெப்பம் 36.4-இல் நிற்கிறதா என்று முதல் நாள் மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

முடிந்தால் ஈரக்குமிழ் வெப்பமானியும் ஒன்று தொங்கவிடுங்கள். சாதாரண வெப்பமானியின் குமிழில் பருத்தித் திரி சுற்றி, திரியின் நுனி ஒரு சின்னப் புட்டித் தண்ணீரில் இருந்தால் போதும். 36.4-இல் ஈரக்குமிழ் 30 டிகிரியைத் தொட்டால் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 28 டிகிரி என்றால் 50-க்குச் சற்று மேல். நமக்கு வேண்டியது 23 டிகிரி. போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து திரி விறைத்துவிடும். காய்ச்சி வடித்த நீர் விடுங்கள், வாரம் ஒருமுறை திரியை மாற்றுங்கள்.

இனி எவ்வளவு ஈடுகட்டலாம்? முட்டைக்குள் ஈரம் 100. வெளியே 63 என்றால் இடைவெளி 37. வெளியே 29 ஆனால் இடைவெளி 71. நீர் வெளியேறும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மூன்றாவது முட்டை மிச்சமுள்ள 32 நாளில் 44 கிராம் இழக்கும். முன்பு போன 13-ஐச் சேர்த்தால் 57, அதாவது பத்துக்குச் சற்றுக் குறைவு. பிழைக்கும். ஐந்தாவது பற்றி நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஓடு தடிமனாக இருக்கலாம், துளை குறைவாக இருக்கலாம். ஓட்டைச் சுரண்டி மெலிதாக்குகிற ஆட்கள் உண்டு. எனக்குக் கை நடுங்கும்.

ஆறாவதுதான் வேடிக்கை. அந்த ஈர அறையிலும் 25 கிராம் விட்டிருக்கிறது. ஓடு துளை மிகுந்தது. அதையும் ஏசி அறைக்குக் கொண்டுபோனால் 19 சதவீதம் இழந்து காய்ந்து செத்துவிடும். அப்போது கொரடாச்சேரித் தம்பி சொன்ன சவ்வைப் பார்ப்பீர்கள். நெல்லை அப்புறப்படுத்திய பிறகு அதை மட்டும் பழைய அறையில் வேறு பெட்டியில் வையுங்கள். 50 சதவீதம் அதற்குச் சரியாக இருக்கும்.

---

கோழிக்கூடு | நவம்பர் 9

பெரியவரே, நான் அவசரப்பட்டுவிட்டேன். என்னிடம் ஒரு தெர்மோகோல் பெட்டி சும்மா கிடக்கிறது. நாற்பது வாட் பல்பு, தெர்மோஸ்டாட், சின்ன விசிறி எல்லாம் உண்டு. நீடாமங்கலம் பக்கம்தான், கொண்டுவந்து தருகிறேன்.

---

வெண்ணாற்றங்கரை | நவம்பர் 21

முப்பத்திரண்டாம் நாள். தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் இரண்டு நாள் மின்சாரம் வந்து வந்து போனது, இன்வெர்ட்டரோடு மல்லுக்கட்டினேன்.

நெல்லைப் பக்கத்து ஊர் ஆலையில் உலர்த்தியில் போட்டுக் காயவைத்து அனுப்பிவிட்டேன். வீட்டில் ஏசி உள்ள ஒரே அறை மகனுடையது. வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறான். “நாற்றம் வந்தால் அடுத்த நிமிடம் பெட்டி வாசலில்” என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான். நாற்றம் வரவில்லை. மணிக்கு ஒருமுறை புரட்டும் மோட்டார் கடகடக்கிறது, அவன் அலுவலகக் கூட்டத்தில் பேசும்போது பார்த்துத்தான் கடகடக்கிறது. யாரோ என்ன சத்தம் என்று கேட்டதற்கு ஈமு என்று உண்மையைச் சொன்னானாம். ஒருவரும் நம்பவில்லை.

ஈரக்குமிழ் 23-க்கும் 23.5-க்கும் நடுவே நிற்கிறது. எடை இன்று: முதலாவது 531, இரண்டாவது 555, மூன்றாவது 552, நான்காவது 517, ஐந்தாவது 582. தெர்மோகோல் பெட்டியில் ஆறாவது 522. நீங்கள் போட்ட கணக்கிலிருந்து ஒரு கிராம், இரண்டு கிராம்தான் வித்தியாசம்.

---

கால்நடை மாணவி (ஒரத்தநாடு) | நவம்பர் 22

ஐயா, எடை ஒழுங்காகக் குறைவதால் எல்லாவற்றிலும் கரு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கூமுட்டையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் எடை இழக்கும். தினமும் பெட்டியைத் திறந்ததும் மோந்து பாருங்கள். கெட்ட முட்டை உள்ளே வாயு கட்டி வெடித்தால் மற்றவற்றுக்கும் கிருமி பரவும். ஓட்டில் பிசுபிசுப்பாகக் கசிவு தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்த தடவை முட்டை பொறுக்கும்போது சேறு ஒட்டியிருந்தால் பச்சைத் தண்ணீரில் கழுவவேண்டாம். முட்டை குளிர்ந்து உள்ளே சுருங்கும்போது அழுக்கு நீரைத் துளை வழியாக உறிஞ்சிவிடும். காயவிட்டுத் தூரிகையால் தட்டுங்கள். ஈமு மாலைக் கருக்கலில்தான் முட்டையிடும், மழை நாளில் அந்த நேரத்தில் அது முட்டையிடும் இடத்தில் புதுவைக்கோல் போட்டு வைத்தால் சேறே ஒட்டாது. இந்த முறை செத்த முட்டை ஏதாவது இருந்தால் உடைக்காமல் எங்கள் கல்லூரிக்குக் கொண்டுவாருங்கள்.

---

பழைய பொரிப்பகத்தான் | நவம்பர் 22

பெண் சொல்வது சரி. 47-ஆம் நாளில் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். முட்டையைச் சமமான பலகையில் வைத்துவிட்டுச் சீழ்க்கை அடியுங்கள். உயிர் இருந்தால் ஆடும். ஆடத் தொடங்கியபின் புரட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை | டிசம்பர் 6

எனக்குச் சீழ்க்கை வராது. மகன் அடித்தான்.

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக வைத்தோம். மூன்றாவது முட்டை ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு யாரோ உள்ளிருந்து தோளால் இடித்ததுபோல இடப்பக்கம் சாய்ந்து, திரும்பி நின்றது. என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். முதலாவதும் இரண்டாவதும் ஆறாவதும் ஆடின. ஐந்தாவது மிக லேசாக, ஒரே ஒருமுறை. நான்காவது கல்.

---

வெண்ணாற்றங்கரை | டிசம்பர் 14

முழு விவரமும் எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

ஐம்பதாம் நாள், டிசம்பர் 9 அதிகாலை மூன்றாவது ஓட்டைத் தள்ளி உடைத்தது. கோழிக்குஞ்சுபோல வட்டமாகக் கொத்தவில்லை, காலால் உதைத்துத் தோளால் தள்ளி ஒரே முட்டாக வெளியே வந்தது. 385 கிராம். தொப்புள் மூடியிருந்தது, மஞ்சள் கரு முழுக்க உள்ளே போயிருந்தது. அன்று மாலை முதலாவது. மறுநாள் தெர்மோகோல் பெட்டியில் ஆறாவது. இது மற்றதைவிடச் சற்று மெலிந்த குஞ்சு, ஆனால் முதலில் எழுந்து நின்றது இதுதான். கடைசி எடையில் 573-க்கு 488 இருந்தது, 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே.

இரண்டாவது 52-ஆம் நாள்தான் வந்தது. கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியவில்லை. ஒரத்தநாட்டுப் பெண் சொன்னபடி இரண்டு காலையும் மெத்தென்ற துணிநாடாவால் இடைவெளி விட்டுக் கட்டி, தரையில் வழுக்காத சாக்கு விரித்திருக்கிறேன். இன்று நான்கு எட்டு வைத்தது.

நான்காவது கூமுட்டை.

ஐந்தாவது பொரியவில்லை. கடைசி எடை 567, 602-இல் 35 கிராம்தான் போயிருந்தது, 6 சதவீதம்கூட இல்லை. 53-ஆம் நாள் ஆட்டம் நின்றுவிட்டது. உடைக்காமல் ஒரத்தநாட்டுக்கு எடுத்துப்போனேன். அங்கே மேசையில் உடைத்தபோது நானும் நின்றேன். வீங்கிய கழுத்து, வெளியே தொங்கும் மஞ்சள் கரு, வழிகிற தண்ணீர். போன வருடம் கொல்லையில் பார்த்த அதே குஞ்சு. அறை ஒன்று, பெட்டி ஒன்று, நாள் ஒன்று. ஓடு மட்டும் வேறு.

---

பழைய பொரிப்பகத்தான் | டிசம்பர் 14

ஆறில் நான்கு. எங்கள் பொரிப்பகத்தில் முதல் பருவத்தில் இதைவிட மோசம்.

ஐந்தாவது முட்டை எந்தப் பெட்டையுடையது என்று தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டையின் ஓடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்த முறை அதன் முட்டையை முதல் நாளிலிருந்தே 25 சதவீத ஈரத்தில் வைக்கலாம்.

---

வெண்ணாற்றங்கரை | டிசம்பர் 15

தெரியும். வேலி ஓரம் தனியாக நிற்கிற முரட்டுப் பெட்டையுடையது, அதன் முட்டை எப்போதுமே பெரியது. அதன் இன்னும் இரண்டு முட்டை நேற்றுப் பெட்டிக்குள் போயிருக்கின்றன, ‘மு’ என்று சாக்கட்டியில் எழுதி.

மகன் அறையைத் திரும்பக் கேட்கிறான். பழைய அறைக்கே போகலாம் என்று பார்த்தால் தை பிறந்ததும் சம்பா அறுவடை, நெல் அங்கேதான் வரவேண்டும் என்று வீட்டில் பேச்சு. பழைய ஏசி ஒன்று விலைக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லவும், ஒரு டன் போதும்.